நடு வீட்டில் அடுப்பு

இங்கிலாந்துக்குப் போய்விட்டு வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பக்கிங்ஹாம் அரண்மனையைப் பற்றியும் லண்டன் கோபுரத்தைப் பற்றியும் மணிக்கணக்கில் சொல்வார்கள். ராஜா ராணிகள் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டியதுதான், வாஸ்தவம். ஆனால் நம்மைப் போன்ற பெண்களுக்கு ஒரு குடியானவர் வீட்டைப் பார்ப்பதில் இருக்கிற சுவாரஸ்யம் அரண்மனையில் கிடையாது என்பது என் அபிப்பிராயம். அரண்மனையைச் சுற்றிக் காட்டுகிறவர்கள், அங்கே யார் சமைத்தார்கள், குளிர் காலத்தில் கைக்குழந்தையை எங்கே போட்டுத் தூங்க வைத்தார்கள் என்றெல்லாம் சொல்வதில்லை. பழைய பண்ணை வீட்டில் அதுதானே கதையே!

அப்படி ஒரு வீட்டைத்தான் பார்த்துவிட்டு வந்தேன். பெயர் பேலீஃப். கட்டி அறுநூறு வருஷம் ஆகிறது. தெற்கு இங்கிலாந்தில் சிச்செஸ்டர் என்ற ஊருக்கு வடக்கே பத்துக் கிலோமீட்டரில் சிங்கிள்டன் என்றொரு சின்னக் கிராமம். அங்கே மலைச்சரிவில் வீல்ட் அண்ட் டவுன்லாண்ட் மியூசியம் இருக்கிறது. லண்டனிலிருந்து சிச்செஸ்டர் வரை ரயில், அப்புறம் பஸ். மியூசியம் என்றதும் கண்ணாடிப் பெட்டிகளை நினைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே வைத்திருக்கிற சாமான்கள் எல்லாம் வீடுகள்! சாலை போடவும் ஏரி வெட்டவும் இடிபட இருந்த பழைய வீடுகள், களஞ்சியங்கள், கடைகள் என்று ஏறக்குறைய ஐம்பது கட்டிடங்களைப் பெயர்த்துக்கொண்டு வந்து புல்வெளியில் நிறுத்தியிருக்கிறார்கள். ராய் ஆம்ஸ்ட்ராங் என்பவரின் முயற்சியால் உருவாகி, 1970-இல் திறந்த இடம்.

பேலீஃப் பிறந்த ஊர் இது இல்லை. பக்கத்து மாவட்டமான கென்ட்டில், சிடிங்ஸ்டோன் என்ற கிராமத்துப் பக்கம் இருந்தது. 1960-களின் கடைசியில் அங்கே போ பீச் என்ற இடத்தில் குடிதண்ணீருக்காக நீர்த்தேக்கம் கட்டினார்கள். வீடு போயே போய்விடும் என்ற நிலைமை. அப்போதுதான் தூண் தூணாக, சட்டம் சட்டமாகக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு, லாரியில் ஏற்றி எடுத்து வந்தார்கள்.

வீட்டை எப்படிக் கழற்ற முடியும் என்கிறீர்களா? அங்கேதான் அந்தக் காலத்துத் தச்சரின் சாமர்த்தியம். வீட்டின் எலும்புக்கூடு முழுவதும் ஓக் மரம். ஒரு சட்டத்தில் துளை, இன்னொன்றில் கழுந்து. இரண்டையும் சேர்த்துக் குறுக்கே மர ஆணி அடித்திருக்கிறார்கள். வெட்டிய பச்சை மரத்தையே இழைத்துப் பூட்டிவிடுவார்களாம். காயக் காய மூட்டு இன்னும் இறுகிக்கொள்ளும். எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று தெரிவதற்காக உளியால் கோடு கிழித்து அடையாளம் வைப்பார்கள். தூணுக்கும் தூணுக்கும் நடுவில் ஓக் குச்சிகளை நிறுத்தி, மெல்லிய கழிகளால் வரிச்சுப் பின்னி, களிமண்ணோடு வைக்கோலும் சாணமும் குழைத்து இரண்டு பக்கமும் அப்பிவிட்டால் சுவர் தயார். சாணம் என்றதும் எங்களோடு வந்திருந்த என் மாமியாருக்கு ஏக சந்தோஷம்!

வெளியிலிருந்து பார்க்கும்போது வீடு மூன்று துண்டாகத் தெரிகிறது. இரண்டு ஓரத்திலும் மாடி உண்டு. மாடி கீழ்ச்சுவரைத் தாண்டிக் கொஞ்சம் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது. நடுப்பகுதி மட்டும் உள்வாங்கி இருக்கிறது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே பெரிய ஓட்டுக் கூரை. கென்ட், ஸஸெக்ஸ் பக்கத்தில் வசதியுள்ள குடியானவர்கள் கட்டிக்கொண்ட வீடுகளின் ஜாடை இது. ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. என் பெண்தான் கண்டுபிடித்தாள்: கூரைமேல் புகைபோக்கி இல்லை!

உள்ளே நுழைந்ததும் காரணம் புரிந்துவிட்டது. நடுப்பகுதி முழுவதும் ஒரே விசாலமான கூடம். அண்ணாந்து பார்த்தால் உச்சிக் கூரை வரைக்கும் தடையே இல்லை. மண் தரை. தரையின் நடுவில், சுவரை ஒட்டிக்கூட இல்லை, நட்டநடுவில் நெருப்பு எரிகிறது.

"இதென்னம்மா இது! நடு வீட்டிலே அடுப்பை வெச்சிருக்காங்க. புகை எப்படிப் போகும்?" என்றார் மாமியார். முப்பது வருஷம் விறகடுப்போடு மல்லுக்கட்டினவர். கண்ணைக் கசக்கிக்கொண்டே, ஊதுகுழல் எங்கேயாவது வைத்திருக்கிறார்களா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

புகை போக வழி இருக்கிறது. ஆனால் அவசரமில்லாமல் போகிறது. மேலே எழும்பி, உயரத்தில் மேகம் மாதிரி தங்கி, கூரையின் இரண்டு நுனியிலும் விட்டிருக்கிற முக்கோணத் திறப்பு வழியாகவும் ஓட்டு இடுக்கு வழியாகவும் மெல்லக் கசிகிறது. நின்றால் கண் எரிகிறது. தாழ்வான பலகையில் உட்கார்ந்தால் அவ்வளவு மோசமில்லை. ஜன்னலில் கண்ணாடி கிடையாது. நெட்டுக்குத்தாக மரச் சட்டங்கள், உள்பக்கம் பலகைக் கதவு. காற்று வேண்டுமென்றால் குளிரையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். குளிர் வேண்டாமென்றால் கதவை மூடிவிட்டு இருட்டில் புகையோடு இருக்க வேண்டும். டிசம்பர் மாதத்தில் ஒரு குடும்பத் தலைவி எதைத் தேர்ந்தெடுத்திருப்பாள் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்தக் கூடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஹால்'. நம் வீடுகளிலும் "ஹாலில் உட்காருங்கோ, காப்பி கொண்டு வரேன்" என்கிறோமே, அதே ஹால்தான்! நாம் அடுப்பை ஒளித்து வைத்துவிட்டு ஹாலை வந்தவர்களுக்கென்று வைத்திருக்கிறோம். அந்தச் சொல் பிறந்த வீடுகளிலோ அடுப்பு எரிகிற இடமே ஹால். சமையல், சாப்பாடு, கணக்கு வழக்கு, விருந்தாளி, வேலைக்காரர்களின் படுக்கை எல்லாம் அந்த ஒரு நெருப்பைச் சுற்றித்தான்.

ராத்திரி நெருப்பை அணைக்க மாட்டார்கள். மறுபடி மூட்டுவது பிரம்மப் பிரயத்தனமாயிற்றே. தணலைக் கூட்டிச் சாம்பலால் மூடி, மேலே மண்ணால் செய்த மூடியைக் கவிழ்த்து வைப்பார்கள். 'நெருப்பை மூடு' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்துதான், ஊரடங்கு உத்தரவைக் குறிக்கிற 'கர்ஃப்யூ' வந்தது. கலவரச் செய்திகளில் கேட்டு நடுங்குகிற சொல், ஒரு காலத்தில் வீட்டு அடுப்பு சமாசாரம்! மூடி வைத்தாலும் பயம் பயம்தான். தவழுகிற குழந்தை இருக்கிற வீட்டில், இடுப்பளவு உயரத்தில்கூட இல்லாமல் தரையிலேயே நெருப்பு. குழந்தைகள் அடுப்பில் விழுந்து இறந்துபோன வழக்குகள் அந்தக் காலத்து மரண விசாரணைப் பதிவுகளில் நிறைய இருக்கின்றன. அங்கே தரையோடு எரிந்த நெருப்பைப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது அதுதான்.

கூடத்தின் ஒரு கோடியில் இரண்டு சின்ன அறைகள். ஒன்று 'பட்டரி'. வெண்ணெய் அறை என்று நினைப்போம்; இல்லை, பீப்பாய் அறை. பீர் வைக்கிற இடம். அது வீட்டுப் பெண்களே காய்ச்சுகிற லேசான பீர். குழந்தைகளுக்கும் அதைக் கொடுத்திருக்கிறார்கள். இன்னொன்று 'பான்ட்ரி', ரொட்டி அறை. மறுகோடியில் வீட்டுக்காரர்களின் தனி அறை. அதற்கு மேலே ஏணிப்படி ஏறினால் படுக்கை அறை. திரை கட்டிய கட்டில். மூலையில் ஒரு தடுப்புக்குள் பலகையில் வட்டமாக ஓட்டை... ஆமாம், கழிவறைதான்! கீழே வெளிப்புறத்தில் குழி. மாடியிலேயே கழிவறை இருந்தது அந்தக் காலத்துக்குப் பெரிய வசதி.

ஒரு விஷயம் கவனித்தேன். இரண்டு கோடியிலும் மாடி அறை இருக்கிறது. ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியாது. நடுவில் கூடம் கூரை வரைக்கும் திறந்து கிடக்கிறதே! இந்த மாடியில் அம்மா, அந்த மாடியில் குழந்தைகள் என்றால், நடுராத்திரி குழந்தை அழும்போது கீழே இறங்கி, இருட்டில் புகைக் கூடத்தைக் கடந்து, அந்தப் பக்கம் ஏற வேண்டும். இத்தனை பெரிய வீட்டை நடுவில் இரண்டாக வெட்டிப் போட்டது அந்த நெருப்புதான். அதற்கு மேலே தளம் போட்டால் புகை எங்கே போகும்?

வீடு முழுவதும் ஒரே நாளில் கட்டியதுமில்லை. கூடமும் பீப்பாய் அறைப் பக்கமும் 1400-களின் முற்பாதி. வீட்டுக்காரர்களின் தனி அறைப் பக்கம் 1500-களின் ஆரம்பத்தில் கட்டியது. மரத்தின் வருஷ வளையங்களை எண்ணி இப்படிக் கண்டுபிடிக்கிறார்கள். இப்போது உள்ளே வைத்திருக்கிற மேஜை, பெட்டி, பாத்திரம் எல்லாம் 1540 வாக்கில் எப்படி இருந்திருக்குமோ அப்படிப் புதிதாகச் செய்தவை. ஆகவே எதையும் தொட்டுப் பார்க்கலாம், பலகையில் உட்காரலாம்.

1540-க்கு அப்புறம்தான் இங்கிலாந்துப் பண்ணை வீடுகளில் பெரிய மாறுதல் வருகிறது. அடுப்பு நடு வீட்டிலிருந்து நகர ஆரம்பித்தது! முதலில் சிலர் கூடத்தின் ஒரு பகுதியை மட்டும் தடுத்து, புகை அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே மேலே போகும்படி செய்தார்கள். அந்தத் தடுப்புக்குள் பன்றி இறைச்சியைக் கட்டித் தொங்கவிட்டால் புகையிலேயே பதமாகி மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். அப்புறம் செங்கல் பரவலாகக் கிடைக்க ஆரம்பித்தது. செங்கல்லில் புகைபோக்கி கட்டினார்கள். புகைக்குத் தனி வழி கிடைத்துவிட்டதா, உடனே கூடத்துக்கு நடுவில் உத்திரம் போட்டு மேலே ஓர் அறை! இரண்டு மாடிகளும் ஒன்றாயின. வரிசையாக அறைகள், அறைக்குக் கதவு, ஒழுங்கான மாடிப்படி, பிறகு ஜன்னலுக்குக் கண்ணாடி. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வீடு அதே வீடுதான். உள்ளே வாழ்க்கையே வேறு.

அதே மியூசியத்தில் பெண்டீன் என்று இன்னொரு பண்ணை வீடு இருக்கிறது. 1609-இல் வெட்டிய மரத்தில் கட்டியது. கட்டும்போதே வீட்டின் நடுவில் பெரிய செங்கல் புகைபோக்கி. அதன் முன்னும் பின்னும் அடுப்புகள். திறந்த கூடம் என்பதே இல்லை, எல்லா இடத்திலும் மாடி. பேலீஃபைப் பார்த்துவிட்டு நேரே அங்கே போய்ப் பாருங்கள். எனக்கு மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

இந்த மாறுதலைக் கண்ணால் பார்த்த ஒருவர் எழுதியும் வைத்திருக்கிறார். எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் ராட்வின்டர் என்ற கிராமத்துப் பாதிரியார் வில்லியம் ஹாரிசன். 1577-இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில், தங்கள் ஆயுளிலேயே மூன்று விஷயங்கள் அதிசயமாக மாறிவிட்டன என்று ஊர்க் கிழவர்கள் பேசிக்கொண்டதைச் சொல்கிறார். முதலாவது, எங்கே பார்த்தாலும் புகைபோக்கி. தங்கள் சிறுவயதில் ஓர் ஊரில் இரண்டோ மூன்றோ இருந்தாலே அதிகமாம். இரண்டாவது, படுக்கை. முன்பெல்லாம் வைக்கோல் பாய், தலைக்கு ஒரு மரக்கட்டை. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு மெத்தையும், தலைக்கு வைக்க உமி மூட்டையும் வாங்கிவிட்டால் அவன் ஜமீன்தார் மாதிரி! தலையணை என்பது பிள்ளை பெற்ற பெண்களுக்கு மட்டும்தான் என்று நினைத்தார்களாம். எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, இன்னொன்றும் தோன்றியது. பரவாயில்லை, அந்த ஒரு சமயத்திலாவது அவளுக்குத் தலையணை கொடுத்தார்களே! மூன்றாவது, மரத் தட்டும் மர அகப்பையும் போய் ஈயத் தட்டும் வெள்ளி ஸ்பூனும் வந்தது.

ஆனால் அந்தப் பாதிரியாருக்குப் புகைபோக்கி பிடிக்கவில்லை. புகை உத்திரத்தை உறுதியாக்கும், உடம்புக்கும் மருந்து. புகைபோக்கி வந்த பிறகுதான் ஜனங்களுக்கு ஜலதோஷமும் தலைவலியும் என்று குறைப்பட்டுக்கொள்கிறார். புகை உத்திரத்துக்கு நல்லதாகவே இருக்கட்டும். உடம்புக்கு? அவர் அடுப்படியில் நின்று களி கிண்டியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்குள் எரிகிற விறகு, வறட்டி, கரி, மண்ணெண்ணெய் இவற்றின் புகையால் 2020-ஆம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. நுரையீரல் நோய், இருதய நோய், குழந்தைகளுக்கு நிமோனியா. அடுப்புப் பக்கத்திலேயே இருக்கிற பெண்களும், அவர்கள் இடுப்பில் இருக்கிற குழந்தைகளும்தான் அந்தப் புகையை அதிகம் சுவாசிக்கிறவர்கள்.

புகைபோக்கி பரவியதும் சர்க்கார் சும்மா இருக்குமா? 1662-இல் அடுப்பு வரி போட்டார்கள். ஓர் அடுப்புக்கு வருஷத்துக்கு இரண்டு ஷில்லிங். வரி வசூலிக்கிறவன் வீட்டுக்குள் புகுந்து அடுப்பை எண்ணுவான். அந்நிய ஆண்பிள்ளை சமையலறைக்குள் வருவதை எந்தப் பெண்தான் சகிப்பாள்? ஜனங்கள் அந்த வரியை அவ்வளவு வெறுத்தார்கள். 1689-இல் எடுத்துவிட்டார்கள். போன சூட்டோடு 1696-இல் ஜன்னல் வரி வந்தது! ஜன்னலை வெளியில் நின்றே எண்ணிவிடலாம் பாருங்கள். வரிக்குப் பயந்து பலர் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். 1851 வரை அந்த வரி இருந்தது. பழைய இங்கிலீஷ் வீடுகளில் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர் தெரிந்தால், அநேகமாக இந்தக் கதையாக இருக்கலாம்.

இப்படி நூற்றாண்டு நூற்றாண்டாக மாற்றிய வீட்டில், ஆரம்பத்தில் திறந்த கூடம் இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பரணில் ஏறிப் பார்ப்பார்களாம். கூரைச் சட்டங்கள் கன்னங்கரேலென்று புகை படிந்திருந்தால், ஒரு காலத்தில் கீழே தரையில் நெருப்பு எரிந்திருக்கிறது என்று அர்த்தம். மாடி அறையை எவ்வளவு அழகாக வெள்ளை அடித்தாலும் பரண் பொய் சொல்லாது. ஜன்னல் சட்டம் நின்ற துளைகளும், பலகைக் கதவு ஓடிய பள்ளமும் மரத்தில் அப்படியே இருக்கும். அவற்றை வைத்துத்தான் பேலீஃபின் பழைய ஜன்னல்களைத் திரும்பச் செய்தார்கள்.

இங்கே ஒரு சங்கடமான கேள்வி. பேலீஃபுக்கும் பின்னாளில் செங்கல் புகைபோக்கி கட்டியிருந்தார்கள், கூடத்துக்கு மேல் தளமும் போட்டிருந்தார்கள். சிங்கிள்டனில் திரும்ப நிறுத்தும்போது அதையெல்லாம் விட்டுவிட்டு, பழைய திறந்த கூடமாகவே கட்டினார்கள். அப்படிச் செய்ததால்தான் 1540-இல் ஒரு குடும்பம் எப்படி இருந்தது என்று நாம் உள்ளே நின்று பார்க்க முடிகிறது. அது வேறு எங்கேயும் சுலபமாகக் கிடைக்காத அனுபவம். இருந்தாலும் எனக்கு மனம் முழுவதும் சம்மதிக்கவில்லை. வீட்டுக்குள் புகை இல்லாமல், மாடிகள் ஒன்றாகி, நாலு பேர் நிம்மதியாகத் தூங்கிய வருஷங்களும் அந்த வீட்டின் வயதில் சேர்ந்ததுதானே? அந்தப் புகைபோக்கியைக் கட்டச் சொல்லிப் புருஷனை எத்தனை நாள் நச்சரித்தாளோ ஒருத்தி! இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "புகைபோக்கி வெச்ச வீடு இங்கிலாந்து முழுக்க இருக்கே, இதுல ஏன் வேணும்?" என்றார். அதுவும் நியாயம்தான். வாதம் ரயில் வரைக்கும் ஓடிற்று.

பேலீஃபுக்குப் பக்கத்தில் விங்க்ஹர்ஸ்ட் என்ற சின்னக் கட்டிடம் இருக்கிறது. அதைப் பார்க்காமல் வராதீர்கள். அதுவும் அதே நீர்த்தேக்கத்துக்காகப் பெயர்த்து வந்ததுதான். சுமார் 1500-ஆம் வருஷத்தது. ஏழைக் குடியானவரின் வீடு என்றே பல வருஷம் நினைத்திருந்தார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்ததில், அது வீடே இல்லை, ஒரு பெரிய வீட்டின் தனிச் சமையற்கட்டு என்று தெரிந்தது. (விறகடுப்பில் சமைத்த யாரையாவது முதலிலேயே கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம்!) இப்போது அதைப் பேலீஃபுக்கு அருகே மாற்றி வைத்து, அந்தக் காலத்துச் சமையலைச் செய்து காட்டுகிறார்கள். நாங்கள் போன அன்று, தோட்டத்தில் பறித்த கீரையும் வெங்காயத் தாளும் பயறும் போட்டு ஒரு கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் எதுவும் கிடையாது. 1540-இல் அவை அந்த ஊர்க் குடியானவர் அடுப்புக்கு வந்து சேரவில்லை. மிளகு உண்டு. ஆனால் அது நம் மலையாளக் கரையிலிருந்து கப்பலேறிப் போக வேண்டிய விலையுயர்ந்த சரக்கு. குடியானவர் வீட்டில் அதை எண்ணி எண்ணித்தான் போட்டிருப்பார்கள்.

மாமியார் ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "எண்ணித்தான் போட்டிருக்காங்க" என்றார்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. நுழைவுக் கட்டணம் உண்டு. காலையிலேயே போனால்தான் எல்லா வீட்டையும் பார்க்க முடியும். சரிவான புல்தரை, மழை பெய்தால் சேறு. ஆகவே கெட்டியான ஷூ வேண்டும். உள்ளே வெளிச்சம் குறைவு, நிலைப்படியும் தாழ்வு. உயரமானவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ளவும். கைக்குழந்தை இருந்தால் கூடத்தில் நெருப்புக்குக் கிட்டே இறக்கி விடாதீர்கள். நல்ல பட்டுப் புடவை எதுவும் கட்டிக்கொண்டு போகவேண்டாம். என் நூல் புடவையிலேயே அந்தப் புகை வாசனை இரண்டு சலவைக்கு அப்புறம்தான் போயிற்று.